பிளேட்லெட் 68,000, கூடவே இப்ருடினிப்: உள் ரத்தக்கசிவு அபாயம் எவ்வளவு?

தென்திசை

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 71. சிஎல்எல், அதாவது நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா. சில ஆண்டுகளாக மருந்து எதுவும் இல்லாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தார். இப்போது மண்ணீரல் வீங்கிவிட்டது, பிளேட்லெட் 68,000க்கு இறங்கிவிட்டது, ஹீமோகுளோபின் 10.2. சிகிச்சை தொடங்க வேண்டிய நேரம் என்று சொல்லி இப்ருடினிப் எழுதியிருக்கிறார்கள்.

மருந்துப் பெட்டியில் இருந்த தாளைப் படித்தேன். கடும் ரத்தப்போக்கு ஏற்படலாம் என்று முதலிலேயே போட்டிருக்கிறார்கள். பிளேட்லெட் குறைவாக இருப்பவருக்கு ரத்தப்போக்கை உண்டாக்கும் மருந்தையே கொடுப்பது எனக்குப் புரியவில்லை. தவிர, இதயத்துக்காகப் பல வருடமாக ஆஸ்பிரின் எடுக்கிறார். முழங்கால் வலி வந்தால் வலி மாத்திரையும் போட்டுக்கொள்வார். கையில் அங்கங்கே நீலமாகக் கன்றிப் போயிருக்கிறது. வெளியே தெரிவது இது. உள்ளே கசிந்தால் எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெறும்வாசகன்

பயப்பட ஒன்றுமில்லை. 50,000க்கு மேல் இருந்தால் தானாக ரத்தம் கசியாது என்று எங்கள் மருத்துவர் தெளிவாகச் சொன்னார். 68,000 எல்லாம் ஒரு எண்ணே இல்லை.

இரவுப்பணி

ரத்தநோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். வெறும்வாசகன் சொன்னது பாதி சரி. பிளேட்லெட் மட்டும் குறைந்து, மற்ற எல்லாம் ஒழுங்காக இருக்கும் ஒருவருக்கு 50,000க்கு மேல் தானாக ரத்தம் கசிவது அரிது. 20,000க்குக் கீழே போனால் கவலை, 10,000க்குக் கீழே போனால் ரத்தப்போக்கு இல்லாவிட்டாலும் பிளேட்லெட் ஏற்றுவதைப் பற்றி யோசிப்போம். காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருந்தால் அந்தக் கோட்டைக் கொஞ்சம் மேலே தள்ளிவைப்போம். அறுவை சிகிச்சை என்றால் பொதுவாக 50,000 வேண்டும்; மூளையிலோ கண்ணிலோ கை வைப்பதென்றால் 1 லட்சம் கேட்பார்கள்.

ஆனால் தென்திசையின் அப்பாவுக்கு 'பிளேட்லெட் மட்டும்' என்று சொல்ல முடியாது. ஆஸ்பிரின் இருக்கிறது, வலி மாத்திரை இருக்கிறது, இப்ருடினிப் வரப்போகிறது, வயது 71. எண் அதேதான், அபாயம் அதே அல்ல. 68,000 வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாமல் இருப்பவரையும் பார்த்திருக்கிறேன், 1 லட்சத்துக்கு மேல் இருந்தும் ரத்த வாந்தியோடு வந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

நுண்நோக்கி

ஆய்வகத்தில் வேலை. ஒரு சின்ன விஷயம், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது. அந்த 68,000 உண்மையான எண்தானா? ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் இடிடிஏ என்ற உறைதல் தடுப்பான் இருக்கும். சிலருடைய ரத்தத்தில் அதனாலேயே பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். எந்திரம் அந்தக் கொத்துகளை எண்ணாது, குறைவாகக் காட்டிவிடும். கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் சிட்ரேட் குழாயில் மறுபடி எடுப்போம். கன்றிப் போயிருக்கிறது என்று சொல்வதால் உங்கள் அப்பாவுக்கு எண் உண்மையாகத்தான் இருக்கும். இருந்தாலும் 'ஸ்மியர் பார்த்தார்களா' என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், எந்திரம் தலையை எண்ணும், அவ்வளவுதான். அந்தப் பிளேட்லெட் வேலை செய்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆஸ்பிரின் சாப்பிட்டவருடைய எண்ணிக்கையும் சாப்பிடாதவருடைய எண்ணிக்கையும் அறிக்கையில் ஒன்றாகத்தான் இருக்கும்.

மறுபார்வை

நான் பொது மருத்துவர். ரத்தநோய் பிரிவில் சில காலம் வேலை செய்தவன். உங்கள் அப்பாவின் சிகிச்சையை இங்கிருந்து மாற்றச் சொல்லப் போவதில்லை. அவருடைய மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதல் கேள்வி: பிளேட்லெட் ஏன் குறைந்தது? சிஎல்எல்லில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, எலும்பு மஜ்ஜையில் புற்று லிம்போசைட்டுகள் நிறைந்து, பிளேட்லெட் செய்யும் தாய் அணுக்களுக்கு இடமில்லாமல் போவது. இரண்டு, மண்ணீரல். சாதாரணமாகவே உடலின் பிளேட்லெட்டில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில்தான் தங்கியிருக்கும். அது வீங்கினால் இன்னும் நிறையப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று, நோய் எதிர்ப்பு மண்டலம் குழம்பிப்போய் சொந்தப் பிளேட்லெட்டையே அழிப்பது. இதை ஐடிபி என்பார்கள்.

ஏன் இந்தப் பிரிப்பு முக்கியம் என்றால், சிகிச்சை வேறு வேறு. ராய் என்பவர் 1975இல் வகுத்த நிலைப் பட்டியலில் பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே போனால் நான்காம் நிலை, அதாவது கடைசி நிலை. அறிக்கையில் அதைப் பார்த்துக் குடும்பமே ஆடிப்போய்விடும். ஆனால் அந்தக் குறைவு ஐடிபியால் வந்திருந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை; ஸ்டீராய்டுக்கோ, இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை நரம்பில் ஏற்றினாலோ பிளேட்லெட் ஏறிவிடலாம். மஜ்ஜை நிறைந்துபோய்க் குறைந்திருந்தால் புற்றையே குறைத்தாக வேண்டும். அதுதான் இரண்டாவது விஷயம். உங்களுக்கு முரணாகத் தெரிகிற மருந்துதான், மஜ்ஜையைக் காலி செய்து, மண்ணீரலைச் சுருக்கி, சில மாதங்களில் பிளேட்லெட்டை ஏற்றிவிடப் போகிறது. தொடக்கத்தில் அபாயத்தைக் கூட்டுகிறது, பின்னால் குறைக்கிறது. அந்த நடுவிலுள்ள காலத்தைத்தான் கவனமாகக் கடக்க வேண்டும்.

தென்திசை

மிக்க நன்றி சார். மஜ்ஜைப் பரிசோதனை செய்தார்கள். 'நிறைய ஊடுருவல்' என்று எழுதியிருக்கிறது. ஐடிபி பற்றி எதுவும் சொல்லவில்லை. இப்ருடினிப் எப்படி ரத்தம் கசிய வைக்கிறது என்பதைக் கொஞ்சம் எளிதாகச் சொல்ல முடியுமா?

மறுபார்வை

ரத்தக்குழாயின் சுவர் கிழிந்தால் அடியிலுள்ள கொலாஜன் வெளியே தெரியும். பிளேட்லெட் அதைத் தொட்டதும் விழித்துக்கொண்டு ஒட்ட ஆரம்பிக்கும். அந்தத் தகவல் பிளேட்லெட்டுக்குள் போகும் பாதையில் பிடிகே என்ற நொதி இருக்கிறது. சிஎல்எல் அணு உயிர்வாழவும் அதே நொதி வேண்டும். இப்ருடினிப் அதைப் பூட்டிவிடுகிறது. புற்று அணுவிலும் பூட்டுகிறது, பிளேட்லெட்டிலும் பூட்டுகிறது. பிளேட்லெட்டுக்கு உட்கரு கிடையாது, புதிய நொதி செய்துகொள்ள முடியாது. அதனால் அந்தப் பிளேட்லெட்டின் ஆயுள் முழுக்கப் பூட்டு அப்படியே இருக்கும். பிளேட்லெட்டின் ஆயுள் 7 முதல் 10 நாள். ஆஸ்பிரினும் வேறொரு நொதியில் இதையேதான் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரண்டு பாதையும் அடைபட்டுவிடும்.

எண்ணிக்கையாகச் சொன்னால், இப்ருடினிப் எடுத்தவர்களில் 100க்குச் சுமார் 40 பேருக்கு ஏதோ ஒரு வகை ரத்தக்கசிவு. பெரும்பாலும் தோலில் கன்றல், சிவப்புப் புள்ளிகள், மூக்கிலிருந்து கொஞ்சம் ரத்தம். பெரிய ரத்தப்போக்கு 100க்குச் சுமார் 4 பேருக்கு. மருந்துத் தாளில் இருக்கும் எச்சரிக்கை அந்த 4 பேரைப் பற்றியது. தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் இவை அதிகம்.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு ஆஸ்பிரின் இன்னும் தேவையா?" ஸ்டென்ட் வைத்தவர், மாரடைப்பு வந்தவர் என்றால் இதய மருத்துவரும் ரத்தநோய் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். 'வயதாகிறதே, எதற்கும் இருக்கட்டும்' என்று யாரோ எப்போதோ தொடங்கிவைத்தது என்றால் நிறுத்திவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் கேட்காமலும் விட வேண்டாம்.

கோடைமழை

வலி மாத்திரையை விட்டுவிட்டீர்களே சார். எனக்கு அதுதான் பெரிய பயம். அம்மாவுக்கும் சிஎல்எல். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பாராசிட்டமால் மட்டும்.

மறுபார்வை

சரிதான் அம்மா. ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் இரண்டு பக்கமும் கெடுக்கும்: பிளேட்லெட்டையும் மந்தமாக்கும், இரைப்பையின் உட்சுவரையும் புண்ணாக்கும். பாராசிட்டமால் பிளேட்லெட்டைத் தொடாது. ஆனால் சிஎல்எல் உள்ளவர்கள் காய்ச்சல் பார்க்காமல் பாராசிட்டமால் போடக்கூடாது. தொற்று உள்ளே இருக்க, காய்ச்சல் மட்டும் மறைந்துவிடும். முதலில் வெப்பமானி, பிறகு மாத்திரை.

பலர் மருந்தாகவே நினைக்காத சில உண்டு. மீன் எண்ணெய் கேப்சூல், அதிக அளவு வைட்டமின் ஈ, கிங்கோ. இவையும் பிளேட்லெட்டைக் கொஞ்சம் மந்தமாக்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் வகை மாத்திரைகளும் அப்படித்தான். அவை தேவையான மருந்து, நிறுத்தச் சொல்லவில்லை, பட்டியலில் இருக்க வேண்டும் என்கிறேன். பூஞ்சைத் தொற்றுக்கான சில மாத்திரைகளும் கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கும் இப்ருடினிப்பை உடலில் தேங்க வைக்கும். வேறு மருத்துவரிடம் போய் எந்த மருந்து வாங்கினாலும் இப்ருடினிப் பெயரை முதலில் சொல்லுங்கள்.

சிறுதுளி

நான் சிஎம்எல் நோயாளி. நாள்பட்ட மைலாய்டு லுகேமியா. எங்கள் கதை வேறு மாதிரி என்பதால் எழுதுகிறேன். கண்டுபிடித்தபோது எனக்குப் பிளேட்லெட் குறைவில்லை, 12 லட்சம்! வெள்ளையணுவும் தாறுமாறாக ஏறியிருந்தது. இவ்வளவு பிளேட்லெட் இருந்தும் ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. பிளேட்லெட் கூடினால் கெட்டியாக உறையத்தானே வேண்டும் என்று குழம்பினேன். இப்போது டசாடினிப் எடுக்கிறேன், எண்ணிக்கை எல்லாம் ஒழுங்காகிவிட்டது. இருந்தாலும் டசாடினிப்புக்கும் குடலில் ரத்தக்கசிவு உண்டு என்று படித்தேன்.

நுண்நோக்கி

சிறுதுளி, அது நிறையப் பேர் கேட்கும் கேள்வி. ரத்தத்தில் வான் வில்லிபிராண்டு காரணி என்ற நீளமான புரதம் இருக்கிறது. கிழிந்த சுவரில் பிளேட்லெட்டை ஒட்டவைப்பது அதுதான். பிளேட்லெட் 10 லட்சத்தைத் தாண்டினால் அந்தப் புரதத்தின் நீளமான துண்டுகளை எல்லாம் பிளேட்லெட்டே இழுத்துக்கொள்ளும். ஒட்டவைக்க ஆள் இல்லாமல் போய்விடும். அதனால் எண்ணிக்கை ஏற ஏற ரத்தக்கசிவும் வரலாம். எண்ணிக்கை இறங்கினால் தானாகச் சரியாகிவிடும். உங்களுக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும். அந்த நிலையில் 'பிளேட்லெட் அதிகம், உறைந்துவிடும்' என்று ஆஸ்பிரின் கொடுப்பதற்கு முன் இந்தக் காரணியைப் பரிசோதிப்பது வழக்கம்.

மறுபார்வை

சிஎம்எல்லைப் பொறுத்தவரை நோயின் நாள்பட்ட கட்டத்தில் ரத்தக்கசிவு பெரிய பிரச்சினை அல்ல. பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே, மருந்தால் அல்லாமல், தானாக இறங்கினால் நோய் வேகமெடுக்கிறதோ என்று பார்க்க வேண்டும். அடுத்த கட்டமான பிளாஸ்ட் கட்டத்தில் மஜ்ஜை முழுக்க முதிராத அணுக்கள் நிறைந்துவிடும். அங்கே ரத்தக்கசிவு உண்மையான ஆபத்து. இமாடினிப் என்ற சிஎம்எல் மாத்திரை வந்த 2001க்குப் பிறகு அந்தக் கட்டத்துக்குப் போகிறவர்கள் மிகவும் குறைந்துவிட்டார்கள்.

மாத்திரையால் இறங்குவது தனி. முதல் சில மாதங்களில் புற்று அணுக்கள் அழிந்து, நல்ல அணுக்கள் மஜ்ஜையில் மறுபடி வளர்ந்து வருவதற்குள் பிளேட்லெட் இறங்கும். இமாடினிப்பில் 50,000க்குக் கீழே போனால் நிறுத்தி, 75,000க்கு ஏறியதும் மறுபடி தொடங்குவது வழக்கம். நிறுத்துவதும் தொடங்குவதும் உங்கள் மருத்துவர் சொல்லித்தான். டசாடினிப் இதற்கு மேல் பிளேட்லெட்டின் வேலையையும் மந்தமாக்கும். குடலிலிருந்து ரத்தம் வந்தவர்களில் சிலருக்கு எண்ணிக்கை நன்றாகவே இருந்திருக்கிறது.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றைப் பாதுகாக்கலாம் என்று டசாடினிப்போடு ஒமெப்ரசோல், பான்டோபிரசோல், ஃபாமோடிடின் போட்டுக்கொள்ளாதீர்கள். இரைப்பையில் அமிலம் குறைந்தால் டசாடினிப் உடலில் சேராது, லுகேமியா மருந்தே பாதியாகிவிடும். எரிச்சல் இருந்தால் சாதாரண ஆன்டாசிட்டை இரண்டு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ தள்ளி எடுக்கலாம். அதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சிறுதுளி

ஐயோ, பான்டோபிரசோல் வீட்டில் இருக்கிறது. நல்லவேளை எடுக்கவில்லை. நன்றி சார்.

தென்திசை

உள்ளே கசிந்தால் எப்படித் தெரியும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இரவுப்பணி அக்கா, நீங்கள் நேரில் பார்ப்பவர். சொல்ல முடியுமா?

இரவுப்பணி

சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் வயிறு, ஏனென்றால் அதிகம் பார்ப்பது அதுதான். இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கசிந்தால் மலம் தார் நிறத்தில், பிசுபிசுப்பாக, ஒரு தனி வீச்சத்தோடு வரும். அப்படி வர 50 முதல் 100 மில்லி ரத்தம் போதும். அதனால் ஒரே ஒரு முறை போனாலும் விட்டுவிடக் கூடாது. வாந்தி வந்தால் காபித்தூள் நிறத் துகள்கள் இருக்கலாம், நேரடிச் சிவப்பாகவும் இருக்கலாம். பெருங்குடலில் கசிந்தால் மலத்தோடு சிவப்பாகவே தெரியும். மூல நோய் இருப்பவர்கள் 'அதுதான்' என்று தள்ளிப் போடுவார்கள். லுகேமியா இருக்கும்போது அந்த முடிவை மருத்துவர் எடுக்கட்டும்.

தலை. இதில் நேரம் மிக முக்கியம். திடீரென்று, இதுவரை வராத மாதிரி தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், ஒரு பக்கம் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், வழக்கத்துக்கு மாறான தூக்கம். இவற்றில் எது வந்தாலும் 'காலையில் பார்க்கலாம்' கிடையாது. கீழே விழுந்து தலையில் அடிபட்டால், அடி சிறியதாக இருந்தாலும், உடனே நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், போய் ஸ்கேன் எடுக்க வேண்டும். வயதானவர்களுக்கு மூளைக்கு மேலே மெதுவாகக் கசிந்து, நாட்கள் கழித்துக் குழப்பமாகப் பேச ஆரம்பிப்பார்கள். அதற்குள் அடிபட்டதையே வீட்டில் மறந்திருப்பார்கள்.

மண்ணீரல். உங்கள் அப்பாவுக்கு வீங்கியிருப்பதால் சொல்கிறேன். இடது விலாவுக்குக் கீழே திடீர் வலி, அது இடது தோளுக்குப் பரவுவது, கூடவே தலைசுற்றல். மண்ணீரல் கிழிவது மிக அரிது, ஆனால் வந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. அதனால்தான் இடது பக்கம் அடிபடும் விளையாட்டு, கனமான பொருள் தூக்குவது எல்லாம் வேண்டாம் என்கிறோம்.

இன்னொரு இடத்தை யாரும் நினைப்பதில்லை: முதுகுப் பக்கம், சிறுநீரகத்தைச் சுற்றி. அங்கே கசிந்தால் வெளியே ஒன்றுமே வராது. இடுப்பு வலி, தொடையின் முன்பக்க வலி, காலை மடக்கி வைத்தால்தான் சௌகரியம். தசை பிடித்துக்கொண்டது என்றுதான் நினைப்போம்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக: எழுந்தால் கண் இருட்டுவது, படபடப்பு, வெளிறிப்போவது, குளிர்ந்த வியர்வை, சிறுநீர் குறைவது. நாடித் துடிப்புதான் முதலில் ஏறும், ரத்த அழுத்தம் அப்புறம்தான் இறங்கும். 'பிபி நார்மல்தானே' என்று சமாதானம் ஆகிவிடாதீர்கள். அதே போல் ரத்தம் போன உடனே எடுத்த ஹீமோகுளோபினும் நம்பத்தக்கது அல்ல. முழு ரத்தமாகத்தான் போகிறது, மீதி இருப்பதன் அடர்த்தி மாறியிருக்காது. உடல் நீரை இழுத்து நிரப்பிய பிறகுதான் எண் இறங்கும். சில மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பது அதனால்தான்.

மறுபார்வை

இரவுப்பணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இப்ருடினிப் சிலருக்கு இதயத் துடிப்பை ஒழுங்கற்றதாக்கும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதற்கு மெட்டோபிரலால் போன்ற பீட்டா பிளாக்கர் கொடுப்பார்கள். அந்த மாத்திரை நாடி ஏறுவதை அடக்கிவிடும். உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கும், நாடி 70இல் நிற்கும். அவசரப் பிரிவில் இந்த மாத்திரையின் பெயரையும் முதலிலேயே சொல்லுங்கள்.

அதே ஃபிப்ரிலேஷனுக்குப் பக்கவாதம் வராமலிருக்க ரத்தம் உறையாத மருந்தும் தேவைப்படும். இங்கேதான் உண்மையான தலைவலி. வார்ஃபரினும் இப்ருடினிப்பும் சேர்வதை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். அபிக்ஸாபன் போன்றவற்றைக் கவனத்தோடு தருவதும் உண்டு, பிடிகே மருந்தையே மாற்றுவதும் உண்டு. அகலாபுருடினிப், ஸானுபுருடினிப் இரண்டிலும் இப்ருடினிப்பைவிட இந்தத் துடிப்புக் கோளாறு குறைவு என்று நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் தெரிந்தது. ஆனால் ரத்தக்கசிவு அவற்றிலும் உண்டு. தென்திசை, அப்பாவுக்கு ஏற்கெனவே இதயப் பிரச்சினை இருந்தால் 'ஏன் இப்ருடினிப், ஏன் மற்ற இரண்டில் ஒன்று இல்லை' என்று கேட்பதில் தவறே இல்லை.

வெறும்வாசகன்

எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு பயமுறுத்துவதற்குப் பதில் வாரம் ஒரு முறை பிளேட்லெட் ஏற்றிவிட்டால் போகாதா?

இரவுப்பணி

போகாது. ஏற்றும் பிளேட்லெட் சில நாள்தான் உயிரோடு இருக்கும். ஒரு கொடையாளரிடமிருந்து எந்திரம் மூலம் பிரித்தெடுத்த ஒரு பை, பெரியவர் ஒருவருக்கு 30,000 முதல் 60,000 வரை ஏற்றும். அதுவும் மண்ணீரல் வீங்கியிருந்தால் பாதி அங்கேயே நின்றுவிடும். ஐடிபி இருந்தால் ஏற்றியதையும் அழித்துவிடும். அடிக்கடி ஏற்றினால் உடல் அதற்கு எதிர்ப்பொருள் செய்யப் பழகிவிடும், பிறகு உண்மையாகத் தேவைப்படும் நாளில் ஏற்றினாலும் ஏறாது. அதனால் ரத்தப்போக்கு இல்லாத நாள்பட்ட நோயாளிக்கு 40,000, 50,000 என்று பார்த்து ஏற்றுவதில்லை.

மறுபார்வை

விதிவிலக்கு ஒன்று. இப்ருடினிப் எடுப்பவருக்குப் பெரிய ரத்தப்போக்கு வந்தால், எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் பிளேட்லெட் ஏற்றுவோம். அவருடைய பிளேட்லெட்டுகள் பூட்டப்பட்டவை. மருந்து ரத்தத்திலிருந்து சில மணி நேரத்தில் கரைந்துவிடும், பூட்டுதான் மீதி நிற்கும். அதன்பின் வெளியிலிருந்து வரும் புதிய பிளேட்லெட் ஒழுங்காக வேலை செய்யும்.

கோடைமழை

அம்மாவுக்கு ஐடிபி வந்தபோது பிளேட்லெட் 9,000க்குப் போனது. வாய்க்குள் ரத்தக் கொப்புளங்கள், காலில் சிவப்புப் புள்ளிகள். சிஎல்எல் முற்றிவிட்டது என்றே நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். மஜ்ஜைப் பரிசோதனையில் பிளேட்லெட்டின் தாய் அணுக்கள் ஏராளமாக இருந்தன. செய்வதில் குறை இல்லை, அழிப்பதுதான் என்றார்கள். இம்யூனோகுளோபுலினும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள், ஏறிவிட்டது. மறுபடி இறங்கியபோது ரிட்டுக்சிமாப், அப்புறம் எல்ட்ரோம்போபாக். இப்போது 80,000இல் நிம்மதியாக இருக்கிறார். ஒரு கேள்வி: வாயில் வரும் கொப்புளத்துக்கு மட்டும் ஏன் அவ்வளவு பதறினார்கள்? கால் புள்ளிகளைக் கண்டுகொள்ளவே இல்லை.

இரவுப்பணி

வாயின் உட்புறத்தில் ரத்தக் கொப்புளம் வந்தால், குடலின் உட்புறமும் மற்ற உள் இடங்களும் அதே நிலையில் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வோம். காலில் வரும் புள்ளிக்கு நின்றுகொண்டிருப்பதும் ஒரு காரணம். வாய்க் கொப்புளம், நிற்காத மூக்கு ரத்தம், சிறுநீரில் ரத்தம் இவை மூன்றில் எது வந்தாலும் எண்ணிக்கையைப் பார்க்காமலே கிளம்பி வாருங்கள்.

தென்திசை

எல்லோருக்கும் நன்றி. நேற்று மருத்துவரைப் பார்த்தோம். அப்பாவுக்கு ஸ்டென்ட் எதுவும் இல்லை, மாரடைப்பும் வந்ததில்லை. ஆஸ்பிரினை இதய மருத்துவரிடம் பேசிவிட்டு நிறுத்திவிட்டார்கள். வலி மாத்திரை இனி கிடையாது. மருந்தும் மாறியிருக்கிறது, அகலாபுருடினிப். ஹீமோகுளோபினையும் கவனிக்க வேண்டும் என்றார். அது ரத்தக்கசிவுக்கு எப்படிச் சம்பந்தம் என்று கேட்க மறந்துவிட்டேன். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து மலம் கறுப்பாகப் போகிறது! இனி எப்படிக் கண்டுபிடிப்பது?

நுண்நோக்கி

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ரத்தம் ஓடும்போது சிவப்பணுக்கள் நடுவில் ஓடும், பிளேட்லெட்டை ஓரத்துக்கு, அதாவது சுவர்ப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். கிழிசல் சுவரில்தானே வரும். சிவப்பணு குறைந்தால் இந்தத் தள்ளல் குறையும், பிளேட்லெட் நடுவிலேயே ஓடிப் போய்விடும். அதனால் ரத்தசோகையைச் சரிசெய்தாலே கசிவு கொஞ்சம் குறைவது உண்டு. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டாலும் பிளேட்லெட் மந்தமாகும், கிரியாட்டினினையும் பார்த்து வையுங்கள்.

இன்னொன்று. எண்ணிக்கை பரவாயில்லை, ஆனால் தசைக்குள் பெரிது பெரிதாக ரத்தம் கட்டுகிறது என்றால் பிளேட்லெட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சிஎல்எல்லில் மிக அரிதாக, உறைதல் காரணி எட்டுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் செய்துவிடும். ஏபிடிடி என்ற பரிசோதனையில் நேரம் நீண்டு காட்டும்.

இரவுப்பணி

இரும்பு மாத்திரையால் வரும் கறுப்பு பெரும்பாலும் கரும்பச்சை கலந்து, கெட்டியாக, வழக்கமான வாசனையோடு இருக்கும். ரத்தத்தால் வருவது பளபளப்பாக, ஒட்டிக்கொண்டு, இளகி, வீச்சம் மூக்கைத் துளைக்கும். சந்தேகமாக இருந்தால் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கூடவே படபடப்போ தலைசுற்றலோ இருந்தால் ஆய்வகம் வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

மலச்சிக்கல் வரவிடாதீர்கள், இரும்பு மாத்திரை அதையும் செய்யும். முக்குவதே ஆபத்து. மலம் இளக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். ஆசனவாய் வழியாகக் கொடுக்கும் மாத்திரையும் எனிமாவும் வேண்டாம். பல் துலக்க மென்மையான பிரஷ், சவரத்துக்குப் பிளேடுக்குப் பதில் மின் சவரக்கருவி. வீட்டுக்குள் வழுக்காத செருப்பு, இரவில் கழிவறைப் பாதையில் விளக்கு. தசையில் போடும் ஊசியை முடிந்தவரை தவிர்ப்போம். தடுப்பூசிக்கு மெல்லிய ஊசி, போட்ட இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். அதற்குப் பயந்து தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள்.

வெறும்வாசகன்

சரி, சரி. என் மாமாவுக்கும் சிஎல்எல் என்பதால்தான் இழைக்குள் வந்தேன். அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும். இப்ருடினிப் எடுக்கிறார், பிளேட்லெட் 1 லட்சத்து 10 ஆயிரம். எண் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இப்போது கேட்காமல் இருக்க முடியவில்லை.

மறுபார்வை

கேட்டது நல்லது. பல் பிடுங்குவதற்கு அந்த எண்ணிக்கை தாராளம், ஆனால் பூட்டு இருக்கிறது. இப்ருடினிப்பைச் சிறிய சிகிச்சைக்கு முன்னும் பின்னும் 3 நாள், பெரிய அறுவை சிகிச்சை என்றால் 7 நாள் வரை நிறுத்துவது வழக்கம். அதற்குள் புதிய பிளேட்லெட்டுகள் வந்துசேரும். ஒரே பல், தையல் போட்டு மூடக்கூடியது என்றால் 3 நாள் பக்கம்தான் வரும். ரத்தக்கசிவை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் அமிலம் கலந்த திரவத்தால் வாய் கொப்பளிக்கச் சொல்வார்கள், பஞ்சைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்வார்கள். பல் வலிக்கு ஐபுப்ரோஃபென் எழுதிவிடப் போகிறார்கள், அதை மட்டும் மறக்காமல் மறுத்துவிடுங்கள்.

மாமாவாகவே மாத்திரையை நிறுத்த வேண்டாம். நோய் முழுதாக அடங்காமல் இருக்கும்போது நிறுத்தினால் சிலருக்கு நெறிகட்டிகள் சட்டென்று வீங்கிக் காய்ச்சல் வரும். எந்தத் தேதியில் நிறுத்தி எந்தத் தேதியில் தொடங்குவது என்பதை ரத்தநோய் மருத்துவர் எழுதிக் கொடுக்கட்டும், அந்தத் தாளைப் பல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வெறும்வாசகன்

திங்கட்கிழமைக்குப் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தோம். தள்ளிப் போடுகிறேன்.